சிவப்பு நூல் வைத்த பக்கம்

ஷீபா, டேனி,

போன வாரம் இந்தப் பத்திரிகையில் விறகு லாரி கவிழ்ந்த கதையை எழுதியிருந்தேன். பத்திரிகை வந்த அன்றைக்கே ஷீபா திருப்பூரிலிருந்து போன் செய்தாள்.

"அப்பா, நாலு வாரமா ஃபேக்டரி, வெறகு, லாரின்னே எழுதிட்டிருக்கீங்க. அம்மா எங்கப்பா?"

"வரும் கண்ணு" என்றேன்.

"எப்ப வரும்? சரி, ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லுங்க. கல்யாண ஞாயித்துக்கு எல்லா ஊட்டு அப்பா அம்மாவும் சோடியா முன்னாடி போவாங்க. நம்ம அம்மா மட்டும் வருசா வருசம் குனிஞ்ச தலை நிமிராம உக்காந்திருக்கும். நான் பக்கத்துல இருந்து பாத்திருக்கேன். நீங்க ஏம்ப்பா ஒருதரமும் வரல?"

அடுப்பில் பால் பொங்குகிறது என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

பால் பொங்கவில்லை. அன்றைக்குப் பாலே வாங்கவில்லை. இந்தச் சின்னப் பொய்கள் எனக்குப் பழக்கம். எந்தப் பொய்யில் ஆரம்பித்தது என்பதைத்தான் இந்த வாரம் எழுதப் போகிறேன். போனில் எனக்குச் சொல்ல வராது. எழுதுவதும் சுலபமாக வராது. ஒரு பக்கத்துக்கு இரண்டு நாள் ஆகும். ஆனால் எழுதும்போது யாரும் என் முகத்தைப் பார்ப்பதில்லை.

ஐந்து நிமிடம்

உங்களுக்குத் தெரிந்ததுதான். பத்திரிகை படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

எங்கள் ஊர், குன்னூரிலிருந்து கோத்தகிரி போகும் வழியில் ஒரு சரிவில் இருக்கிறது. இந்தப் பக்கத்து மேட்டில் எங்கள் வேதக் கோயில். பள்ளத்துக்கு அந்தப் பக்கம் தேயிலை ஃபேக்டரி; அங்கே இலை காயவைக்கிற டிரையர் அடுப்புக்கு விறகு போடுவது என் வேலை. நடுவில் ஓடையும் தேயிலைச் செடியும். கோயிலில் ஆண்கள் வலப்பக்கம், பெண்கள் இடப்பக்கம். புருஷனும் பொண்டாட்டியும் ஒன்றாக நடந்து வந்தாலும் வாசற்படியில் பிரிந்துவிட வேண்டும்.

ஒவ்வொரு சோடிக்கும் வருஷத்தில் ஒரே ஒரு ஞாயிறு மட்டும் அப்படி இல்லை. எந்த வாரத்தில் அவர்களுக்குக் கல்யாண நாள் வருகிறதோ, அந்த ஞாயிறு அவர்களைப் போதகர் பெயர் சொல்லி முன்னால் கூப்பிடுவார். பீடத்துக்கு முன் இரண்டு மெத்தை போட்டிருக்கும். இரண்டு பேரும் முழங்காலில் நிற்க வேண்டும். வேத புத்தகத்திலிருந்து கல்யாணச் சங்கீதப் பாடலைப் புருஷன் சத்தமாக வாசிக்க வேண்டும். முடிந்ததும் மனைவி "ஆமென்" சொல்ல வேண்டும். போதகர் தலையில் கை வைத்து ஜெபிப்பார். எல்லாம் சேர்த்து ஐந்து நிமிடம்.

அந்த ஐந்து நிமிடத்துக்காகப் பெண்கள் புதுச் சேலை வாங்குவார்கள்.

இரண்டு தாள்

எங்களுக்குக் கல்யாணம் ஆனது ஜனவரியில். புல்லின் மேல் உப்பை அள்ளிக் கொட்டினதுபோல் உறைபனி விழுகிற காலம். அடுத்த ஜனவரியில் எங்கள் முதல் கல்யாண ஞாயிறு வந்தது.

உங்கம்மா தவமணி நீலச் சேலை கட்டியிருந்தாள். நான் அவள் பின்னிக் கொடுத்த சிவப்பு ஸ்வெட்டர் போட்டிருந்தேன். அது அவள் முதன்முதலில் பின்னிய ஸ்வெட்டர். ஒரு கை நீளம், ஒரு கை குட்டை. நீளமான கையை மடித்து விட்டுக்கொண்டு போய் முழங்காலில் நின்றேன்.

முன்னால் சாய்வு மேசையில் பெரிய வேத புத்தகம். போதகர் பக்கத்தைச் சொன்னார். திருப்பினேன். குளிரில் விரல் மரத்திருந்தது. ஒரு தாளைத் திருப்புவதற்குப் பதில் இரண்டு தாளைச் சேர்த்துத் திருப்பிவிட்டேன்.

யாருக்கும் வரக்கூடிய தப்புதான். வாசிக்கத் தெரிந்தவன் முதல் வரியிலேயே கண்டுபிடித்திருப்பான்.

நான் ஆறாவதோடு நிறுத்தியவன். எழுத்து எழுத்தாகத்தான் எனக்கு வரும். நீளமான சொல்லாக இருந்தால் கடைசி எழுத்துக்குப் போய்ச் சேருவதற்குள் முதல் எழுத்து மறந்துவிடும். அதனால் என் வாய் சொல்வது என் காதுக்கு வந்து சேரவில்லை. பின்னால் யாரோ இருமினார்கள். அப்புறம் ஒரு செருமல். அப்புறம் பெண்கள் பக்கத்திலிருந்து அடக்கிய சிரிப்பு. நான் விடாமல் வாசித்தேன். நன்றாக வாசிக்கிறேன் என்றுகூட நினைத்தேன்.

நான் வாசித்தது கல்யாணச் சங்கீதம் இல்லை. சத்துருக்கள் என்னை வளைத்துக்கொண்டார்கள், அவர்களை அடித்துத் துரத்தும் என்று கடவுளிடம் முறையிடுகிற சங்கீதம். புதுப் பொண்டாட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு.

கடைசி வரிக்கு வரும்போது கோயில் முழுக்கச் சிரிப்பு. போதகரே கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டார்.

உங்கம்மா சிரிக்கவில்லை. நான் நிறுத்தியதும் "ஆமென்" என்றாள். முணுமுணுப்பாக இல்லை. கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்கிற மாதிரி.

ஆராதனை முடிந்து வெளியே டீயும் பன்னும் கொடுத்தார்கள். பெண்கள் சங்கத்து ராஜாத்தியக்கா டம்ளரோடு நேரே என்னிடம் வந்தார்.

"ஏந் தம்பி, ஒரு வருசத்துலயே எங்க புள்ள உனக்குச் சத்துருவாயிட்டாளா?"

"அதுக்கு ஆமென் வேற போட்டாளே, அதச் சொல்லுங்க" என்றார் பின்னால் ஒருத்தர்.

சுற்றிலும் சிரித்தார்கள். நான் பன்னையே பார்த்துக்கொண்டு நின்றேன். உங்கம்மாதான் பதில் சொன்னாள்.

"சத்துரு நானில்லீங்க்கா. இந்தக் குளிரு. அவரு வெரல மரத்துப்போக வெச்சிருச்சு. அதத் தொரத்தச் சொல்லித்தான் ஆமென் போட்டேன்."

வீட்டுக்கு இறங்கும் வழியில் ஓடைப் பாலத்தில் நின்று, "குளிருதானுங்க?" என்று கேட்டாள்.

"குளிருதான்" என்றேன்.

விறகுக் கொட்டகை

அடுத்த ஜனவரி வந்தது.

சனிக்கிழமை சாயங்காலம் என் வெள்ளைச் சட்டையைத் தேய்த்து ஆணியில் மாட்டினாள். "நாளைக்கு நம்ம ஞாயிறுங்க" என்றாள்.

"நாளைக்கு ஃபேக்டரில வேல புள்ள. டிரையர் அடுப்பு சரியா இழுக்கல. நெருப்புப் போட்டுப் பாக்கணும்."

சட்டையை ஆணியிலிருந்து எடுத்து மடித்துப் பெட்டியில் வைத்தாள்.

பனி விழுகிற மாதத்தில் செடி கருகி இலை வரத்து குறைந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை ஃபேக்டரி மூடித்தான் கிடக்கும். எனக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. ஆனாலும் போனேன். விறகுக் கொட்டகையில் ஒரு கற்பூர மரக் கட்டையின் மேல் உட்கார்ந்திருந்தேன். வாட்ச்மேன் மூர்த்தி டீயோடு வந்தான்.

"என்னங்ண்ணா, கோயிலுக்குப் போற நாள்ல வெறகுக்குக் காவலா?"

"ஊட்ல சண்ட."

"அண்ணிகூடவா? அண்ணிகூடச் சண்ட போடற ஆளு இந்த மலையிலேயே இல்லீங்களே!"

பள்ளத்துக்கு அந்தப் பக்கமிருந்து கோயில் மணி கேட்டது. முதல் மணி, இரண்டாம் மணி. அப்புறம் பாட்டு. காற்று இந்தப் பக்கம் வீசினால் பாட்டு நன்றாகக் கேட்கும். அதில் அவள் குரல் எது என்று தேடிக்கொண்டிருப்பேன். கடைசி மணி அடித்ததும் கொஞ்சம் கரியை எடுத்து உள்ளங்கையில் தேய்த்துக்கொண்டு வீட்டுக்குப் போவேன்.

இப்படி ஒரு வருஷம் இல்லை, பிள்ளைகளே. முப்பதுக்குப் பக்கம். மற்ற ஞாயிறுகளில் எல்லாம் வலப்பக்கக் கடைசி பெஞ்சில் ஒழுங்காக உட்கார்ந்திருப்பேன். அந்த ஒரு ஞாயிறு மட்டும் அடுப்பு கெட்டுப்போகும். ஒவ்வொரு வருஷமும் சனிக்கிழமை அவள் சட்டையைத் தேய்த்து மாட்டுவாள். ஒவ்வொரு வருஷமும் அதை எடுத்து மடித்து வைப்பாள்.

ஒரு வருஷம் கொட்டகையில் உட்கார முடியாத குளிர். நானும் மூர்த்தியும் டிரையர் அடுப்பில் நாலு விறகுச் சிராயைப் போட்டு நிஜமாகவே நெருப்பு மூட்டினோம். அன்றைக்கு மத்தியானம் சோறு போடும்போது உங்கம்மா சொன்னாள்:

"இன்னிக்கு நெசமாலுமே வேல போல."

சட்டையை மோந்து பார்த்தேன். புகை வாசம். அதை வைத்துத்தான் சொல்கிறாள் என்று நினைத்தேன்.

அவளுடைய ஞாயிறு

அவளுக்கு ஞாயிறு என்பது சனிக்கிழமை மத்தியானமே ஆரம்பித்துவிடும். ஓடையோரச் சேற்றில் தானாக முளைத்துக் கிடக்கிற வெள்ளை லில்லியை முழங்கால் வரை இறங்கி அறுத்துக்கொண்டு வருவாள். பீடத்துக்கு வைக்க. அந்தப் பூவுக்கு வாசம் கிடையாது. அவள் கையில் சேற்று வாசமும் அறுத்த தண்டின் பச்சை வாசமும் இருக்கும். இப்போதும் ஓடைப் பக்கம் போனால் எனக்கு அவள் வந்துவிட்டது போல இருக்கிறது. அதனால் ரோட்டு வழியாகவே சுற்றிப் போகிறேன்.

காட்டெருமைக் கதையை டேனி எல்லோரிடமும் கூட்டிச் சொல்வான். நடந்ததை நான் சொல்கிறேன். ஒரு ஞாயிறு காலை கோயில் பாதையில் ஒற்றைக் காட்டெருமை குறுக்கே நின்றது. பின்னால் பத்துப் பேர் நின்றுவிட்டோம். உங்கம்மா பூக்கட்டோடு முன்னால் நின்று, "நீயும் கோயிலுக்கா? ஆம்பளைங்க பக்கம் எடமிருக்குது, வழிய வுடு. மொத மணி அடிச்சாச்சு" என்றாள். அது கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் தேயிலைக்குள் இறங்கிப் போனது. கடவுள் காப்பாற்றினார் என்று எல்லோர் முன்னாலும் சாட்சி சொல்ல வேண்டும் என்று பெண்கள் சங்கத்தில் பிடித்துக்கொண்டார்கள். அவள் ஒத்துக்கொள்ளவில்லை. "அதுக்கு அங்க புல்லு தீந்துபோச்சு, போயிருச்சு. இதுல நான் என்னத்தச் சாட்சி சொல்றது?" என்றாள்.

முழங்கால் மெத்தைக்கு உறை பின்னியதும் அவள்தான். உங்களுக்குச் சின்னதாகிப்போன ஸ்வெட்டர்களைப் பிரித்த நூல். ஷீபாவின் பள்ளிக்கூட நீலமும் டேனியின் பச்சையும் மாறி மாறி வரும். ஊரில் இருக்கிற எல்லாச் சோடிகளும் உங்கள் ஸ்வெட்டர் மேல்தான் முழங்காலில் நின்றார்கள். நாங்கள் இரண்டு பேர் மட்டும் நிற்கவில்லை.

அவள் உட்காருகிற இடமும் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். இடப்பக்கம் மூன்றாவது வரிசை, ஜன்னலோரம். அந்த ஜன்னலில் மட்டும் கலர்க் கண்ணாடி கிடையாது. எங்களுக்குக் கல்யாணமான வருஷத்து மழையில் கற்பூர மரக் கிளை விழுந்து உடைந்தது. அவசரத்துக்கு வெறும் கண்ணாடி போட்டார்கள். குளிர் நேராக உள்ளே இறங்கும். யாரும் அங்கே உட்கார மாட்டார்கள். அவள் போய் உட்கார்ந்தாள்.

"வாதம் வந்துரும் புள்ள, இந்தப் பக்கம் தள்ளி உக்காரு" என்று ராஜாத்தியக்கா எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறார். இவள் நகரமாட்டாள். சில வருஷம் கழித்துச் சபைக் கமிட்டியில் மறுபடியும் கலர்க் கண்ணாடி போடுவதாகப் பேச்சு வந்தது. கமிட்டி பேச்சில் தலையிடாதவள், அன்றைக்கு எழுந்து நின்று, "அது ஒண்ணு மட்டும் இப்படியே இருக்கட்டுமுங்க. வெளிச்சம் வருதல்லங்க" என்றாள். அவளுக்கு வெளிச்சம் பிடிக்கும் என்று நானும் நினைத்துக்கொண்டேன்.

அனல் கண்

வீட்டில் சாயங்கால ஜெபத்தை நினைத்துப் பாருங்கள். ஷீபா ஒரு வசனம், டேனி ஒரு வசனம், அம்மா ஒரு வசனம். சுற்று என்னிடம் வராது. டேனிக்கு ஆறு வயசு இருக்கும்போது ஒருநாள், "அப்பாவும் படிக்கட்டும்" என்று புத்தகத்தை என் மடியில் வைத்துவிட்டான்.

நான் அதன் அட்டையைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

உங்கம்மா அலட்டிக்கொள்ளாமல் புத்தகத்தை எடுத்து அவனிடமே திருப்பிக் கொடுத்தாள். "அப்பாக்கு அனல் கண்ணுடா. நாளெல்லாம் அடுப்பப் பாத்து எரியும். அப்பா ஜெபம் பண்ணுவாரு, நீ படி."

அன்றிலிருந்து இந்த வீட்டில் எனக்கு அனல் கண். பள்ளிக்கூடத்து ஃபாரத்தில் கையெழுத்துப் போடும்போதுகூட டேனி எனக்காக வாசித்துக் காட்டுவான். பாவம் டேனி, உனக்கு அது பெருமையாக இருந்தது.

என் கண்ணில் ஒன்றும் இல்லை. கடைசியில் கண் போனது அவளுக்குத்தான். சர்க்கரை முதலில் கண்ணில் வந்தது. அப்புறம் நெஞ்சில் நீர் கோத்துக்கொண்டது.

கோடுகள்

போன வருஷம் மழை முடிந்த பிறகு அவளால் கோயில் மேடு ஏற முடியவில்லை. மத்தியானம் வெயில் வரும் நேரத்தில் வாசலில் நாற்காலி போட்டு, கம்பளியைச் சுற்றி உட்கார வைப்பேன்.

ஒருநாள் தன் வேத புத்தகத்தை எடுத்து வரச் சொன்னாள்.

"படிங்க."

"டேனி போன்ல போட்டுக் குடுத்திருக்கானே. அதுவே படிக்குமே புள்ள."

"அது நியூஸ் வாசிக்கற மாதிரி வாசிக்குது. நீங்க படிங்க."

"எனக்கு எங்க…" என்றேன். முப்பது வருஷத்தில் அந்த வாக்கியத்தை நான் அவளிடம் ஆரம்பித்ததே அதுதான் முதல் தடவை.

"தெரியும். படிங்க."

"தெரியுமா?"

"சத்துருவோட இத்தன வருசம் குடும்பம் நடத்தியிருக்கேன். இது கூடவா தெரியாது?"

அவள் சிரித்தாள். சிரித்தால் இருமல் வரும். இருமல் அடங்கின பிறகு, "சிவப்பு நூல் வெச்ச பக்கம் பாருங்க" என்றாள்.

என் பழைய ஸ்வெட்டரில் மிஞ்சிய நூல்தான். முடிச்சுப் போட்டுத் தாளுக்கு நடுவில் வைத்திருந்தாள். இரண்டு தாள் சேர்ந்து திரும்பவே முடியாது. கல்யாணச் சங்கீதம். அதில் நீளமான ஒவ்வொரு சொல்லிலும் மூச்சு விட வேண்டிய இடத்தில் பென்சிலால் சின்னச் சின்னக் கோடு. ஒரு சொல்லை மூன்று துண்டாக, நாலு துண்டாக. துண்டு துண்டாகப் பார்த்தால் எனக்குக்கூட வாசிக்க வருகிற அளவில்.

"இது எப்பப் போட்டது?"

"ஷீபா வயித்துல இருந்தப்ப. அடுத்த கல்யாண ஞாயித்துக்குன்னு போட்டேன். நீங்க அடுப்பு கெட்டுப்போச்சுன்னு போயிட்டீங்க." மூச்சு வாங்கினாள். "பென்சிலு மங்கிப்போகும். வருசா வருசம் அது மேலயே மறுபடி போட்டுக்குவேன்."

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே புள்ள."

"சொன்னா வெக்கப்படுவீங்க. வந்தீங்கன்னா கைல குடுத்துக்கலாம்னு இருந்தேன்."

எதிர்ச் சரிவைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். பார்த்தாள் என்று சொல்கிறேன். அவளுக்கு அப்போது வெளிச்சமும் நிழலும்தான் தெரியும்.

"இந்த வருசம் போலாங்களா?"

"போலாம்" என்றேன்.

அப்புறம் தினம் மத்தியானம் பாடம். நான் கோடு கோடாக வாசிப்பேன். அவள் கம்பளிக்கு மேல் விரலால் தட்டிக்கொண்டே கேட்பாள். நாலாவது வசனத்தில் ஒரு சொல் இருக்கிறது. நாலு துண்டாகப் பிரித்த பிறகும் எனக்கு மூன்றாவது துண்டில் நின்றுவிடும். நின்றால் விரல் நின்றுவிடும். கொஞ்சம் பொறுப்பாள். அப்புறம் மீதியை அவளே மெதுவாகச் சொல்வாள். தப்பைத் திருத்துகிற மாதிரி இருக்காது. கூடச் சேர்ந்து பாடுகிற மாதிரி இருக்கும். முடிந்ததும் "ஆமென்" என்பாள். குரல் சின்னதாகிப்போயிருந்தது.

கோயில் வாசல் வரை ஜீப் சொல்லி வைத்தேன். படி ஏற நாற்காலியோடு தூக்கிக்கொள்ள மூர்த்தியிடமும் சொல்லி வைத்தேன். "வேல ஒண்ணும் வராதுங்களே அன்னிக்கு?" என்று ஒருநாள் கேட்டாள். "அடுப்ப இடிச்சுப் போட்டாலும் வரமாட்டேன்னு சொல்லிட்டேன்" என்றேன். உங்களிடம் சொல்ல வேண்டாம் என்றாள். ஏதாவது ஒரு சாக்குச் சொல்லி இரண்டு பேரையும் வரவழைக்க வேண்டும். நீங்கள் பெஞ்சில் உட்கார்ந்து, அப்பா வாசிப்பதைக் கேட்க வேண்டும். அது அவள் ஆசை.

அந்த ஞாயிறுக்கு ஒன்பது நாள் இருக்கும்போது, வெள்ளிக்கிழமை காலையில் நான் டீ கொண்டுபோனேன். அவள் எழுந்திருக்கவில்லை.

நீங்கள் இரண்டு பேரும் வந்தீர்கள். ஆனால் வேறு காரியத்துக்கு.

மூன்றாவது வரிசை

டேனிக்கு லீவு முடிந்தது. ஷீபா இருக்கிறேன் என்றாள். அவள் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் கெட்டுப்போகிறது என்று நான்தான் பிடிவாதமாக அனுப்பினேன். சனிக்கிழமை உங்களை பஸ் ஏற்றிவிட்டு வீட்டுக்கு வந்தபோது, ஆணியில் சட்டை இல்லை. நானே பெட்டியைத் திறந்து எடுத்துத் தேய்த்து மாட்டினேன்.

ஞாயிறு காலை ஆராதனைக்குப் போகவில்லை. போனால் எல்லோரும் கையைப் பிடித்துக்கொள்வார்கள். மத்தியானம் எல்லோரும் கலைந்த பிறகு ராஜாத்தியக்கா வீட்டுக்குப் போனேன். கோயில் சாவி அவரிடம்தான் இருக்கும்.

"பூ மாத்தவா தம்பி?" என்றார்.

ஆமாம் என்று சொல்ல வாய் வந்தது. அடக்கிக்கொண்டேன்.

"இல்லக்கா. இன்னைக்கு எங்க ஞாயிறு. படிக்கணும்."

அக்கா என் சட்டையைப் பார்த்தார். அதன் மேல் போட்டிருந்த, ஒரு கை நீளமான சிவப்பு ஸ்வெட்டரைப் பார்த்தார். கையில் இருந்த புத்தகத்தைப் பார்த்தார். உள்ளே போய்ச் சாவியைக் கொண்டுவந்து கொடுத்தார்.

"கையத் தேச்சுக்க தம்பி. உள்ள குளிரு. வெரலு மரத்துப்போகும்" என்றார். கதவைச் சாத்திக்கொண்டார்.

கோயிலில் யாரும் இல்லை. பீடத்துக்கு முன் இரண்டு மெத்தையையும் எடுத்துப் போட்டேன். நீலமும் பச்சையும். வலப்பக்க மெத்தையில் முழங்காலில் நின்றேன். சிவப்பு நூலைத் தள்ளிவிட்டு வாசித்தேன்.

நாலாவது வசனத்தில், அதே மூன்றாவது துண்டில் நின்றுவிட்டது. பழக்கத்தில் பொறுத்திருந்தேன். ரொம்ப நேரம் பொறுத்திருந்தேன். அப்புறம் மீதியை நானே வாசித்தேன். முடிக்கும்வரை வாசித்தேன்.

வாசித்து முடித்த பிறகுதான் அடுத்து வர வேண்டியது நான் சொல்கிற சொல் இல்லை என்று உறைத்தது.

எழுந்தேன். இத்தனை வருஷத்தில் கோயிலின் இடப்பக்கத்தில் நான் கால் வைத்ததில்லை. மூன்றாவது வரிசைக்குப் போய், ஜன்னலோரம் அவள் இடத்தில் உட்கார்ந்தேன். பலகை சில்லென்றிருந்தது. வெறும் கண்ணாடியில் ஈரம் படிந்து வெளியே ஒன்றும் தெரியவில்லை. ஸ்வெட்டரின் நீளமான கையை இழுத்து விட்டுத் துடைத்தேன்.

பள்ளத்துக்கு அந்தப் பக்கம், நேர் எதிரே, எங்கள் ஃபேக்டரியின் புகைபோக்கி. மறைக்க ஒரு மரம்கூட இல்லை. உச்சியிலிருந்து அடிவரை முழுசாகத் தெரிந்தது.

அதில் புகை இல்லை. ஜனவரி ஞாயிற்றுக்கிழமையில் இருக்காது.

சிராய் போட்டுப் புகை கிளம்பிய அந்த ஒரு வருஷத்தை நினைத்தேன். "இன்னிக்கு நெசமாலுமே வேல போல." கமிட்டியில் அவள் எழுந்து நின்றதை நினைத்தேன். மற்ற வருஷங்களில் போதகர் எங்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டபோதெல்லாம், அவள் இங்கே உட்கார்ந்து, புகை வராத அந்தக் குழாயைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டதை நினைத்தேன். ஷீபா, உன் பக்கத்தில்தான்.

வெயில் இறங்கும் வரை அங்கேயே இருந்தேன். அப்புறம் அவள் இடத்திலிருந்தே "ஆமென்" சொன்னேன். கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்கிற மாதிரி.